புதுப்பிப்பு: சறுக்கு வால்வின் இறுக்கம் முதுகு வளையத்தால் தீர்ந்தது

கிளிநொச்சிப் பட்டறையில் நாங்கள் திருத்திவரும் நீராவி இயந்திரத்தில், உமி எரிக்கும் கொதிகலனின் அழுத்தம் ஏறியதும் சறுக்கு வால்வு (சிலிண்டருக்குள் நீராவி செல்லும் வாய்களை முன்பின் சறுக்கித் திறந்து மூடும் உறுப்பு) தான் சறுக்கும் மட்டமான இருக்கையில் இறுகி, அதை நகர்த்தும் தண்டும் எக்சென்ட்ரிக்கும் (தண்டை அசைக்கும், மையம் விலகிய வட்டு) தேய்வது பற்றி முன்பு கேட்டிருந்தேன். விடை தந்த அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது வவுனியா அண்ணர் சொன்ன வழியே. வால்வின் முதுகில் வெட்டிய பள்ளத்தில் வார்ப்பிரும்பு வளையமொன்றை இறக்கி, அது வால்வுப் பெட்டியின் (வால்வு அடங்கிய, நீராவி நிறைந்த அறை) மேல்மூடியின் மட்டமான உட்பக்கத்தை விட்டகலாதபடி அடியில் மெல்லிய ஸ்பிரிங்குகள் வைத்து, வளையத்தின் உள்வெளியைச் சிறு துளையொன்றால் கழிவு நீராவிப் பக்கத்துடன் இணைத்தோம். அதனால் வளையத்துக்குள் அடங்கும் பரப்பின் மீது வால்வுப் பெட்டியின் அழுத்தம் விழுவதில்லை. அந்தப் பரப்பை மிகையாகப் பெருப்பித்தால், சிலிண்டர் வாய்களிலிருந்து வரும் எதிர்த்தள்ளலில் வால்வு இருக்கையை விட்டுக் கிளம்பிவிடும். ஆகவே வால்வு முகத்தின் பாதியளவோடு நிறுத்தினோம். இப்போது முழு அழுத்தத்திலும் வால்வைக் கைநெம்பால் நகர்த்த முடிகிறது, அதைக் கண்டபோது உண்மையிலேயே மகிழ்ந்தோம்.

எதிர்பாராத ஒன்றும் உண்டு. சாதாரண சறுக்கு வால்வு, சிலிண்டரில் தண்ணீர் அடைபட்டால் தானே எழும்பி வழிவிடும். மூடி நெருங்கியிருக்கும் இந்த அமைப்பில் அதற்கு இடம் குறைவு. எனவே சிலிண்டரின் இரு முனை வடிகுழாய்களையும் திறந்து, நன்கு சூடேற்றிய பின்னரே ஓட்டுகிறோம்.