பார்த்த படம், பார்த்த கூத்து: கூட வந்தவங்க என்ன சொன்னாங்க?

மஞ்சக்குப்பத்தான்:

படம் எப்படி இருக்குன்னு கேட்டா எனக்குச் சட்டுனு சொல்ல வராது. யாரோட போனேன், வெளிய வந்து என்ன பேசினோம்னு கேளுங்க, விடிய விடியச் சொல்லுவேன். எங்க செட்டுல ஒருத்தன் மினி பஸ் ஓட்டுறான். ஒருத்தன் கடலூர் முதுநகர்ல மீன் ஏலம் எடுக்கறவன். இன்னொருத்தர் கோர்ட்டுல டைப்பிஸ்டா இருந்து ரிட்டயர் ஆனவர், எங்களுக்கு அவர் சார்தான். நான் நோட்டு, பேனா விக்கிற கடை வச்சிருக்கேன்.

2024 ஆகஸ்ட் 23-ஆம் தேதி வாழை, கொட்டுக்காளின்னு ரெண்டு படம் ஒண்ணா ரிலீஸ் ஆச்சு. அந்த வாரக் கடைசியில ஊரே வாழைக்குப் போயிருந்துச்சு. டிக்கெட் இல்லைன்னதும் கொட்டுக்காளிக்குப் போய் உக்காந்தோம். கொஞ்ச நேரம் ஓடியிருக்கும், பின்னாடி வரிசையிலேருந்து ஒரு குரல்: "ஆபரேட்டரு, சவுண்டு வைப்பா!" கொட்டகையே சிரிச்சுடுச்சு. படத்துக்குப் பின்னணி இசையே கிடையாதுன்னு அந்த மனுஷனுக்கு யார் போய்ச் சொல்றது? வண்டிச் சத்தம், சேவல் சத்தம், ஆளுங்க முணுமுணுப்பு, அவ்வளவுதான்.

வெளிய வந்து டீக்கடையில நின்னோம். மினி பஸ்காரன்தான் மொதல்ல ஆரம்பிச்சான். "மச்சான், கியர் மாத்தறது காதுல விழுந்துச்சுடா. மத்த படத்துல வண்டி மேடு ஏறினா பாட்டு போட்டு மறைச்சுடுவானுங்க. இதுல இஞ்சின் திணறுதுன்னா எனக்குக் கால் தானா கிளட்சைத் தேடுது"ன்னான். நாங்க யாரும் அதைக் கவனிக்கவே இல்லை.

அதுல வழியில ஒரு மாடு குறுக்க நிக்கும். வண்டியில வந்த ஆம்பளைங்க அத்தனை பேரும் இறங்கி நின்னு, கிட்ட போகப் பயந்து முழிப்பாங்க. ஒரு சின்னப் பொண்ணு வந்து கூசாம ஓட்டிட்டுப் போயிடும். மீன் ஏலக்காரன் சொன்னான், "படமே அதுதான்டா, மீதி எல்லாம் அதுக்குப் போட்ட தூண்டிலு." மினி பஸ்காரனுக்கு ஒப்பல. கடைசி வரைக்கும் பார்க்க வச்சுட்டு, என்ன ஆச்சுன்னு சொல்லாம அனுப்பிட்டானேன்னு ஒரே புலம்பல். ரெண்டு பேருக்கும் வாக்குவாதம் முத்தி, டீக்கடைக்காரர் கிளாஸைக் கேட்டு வாங்கி வச்சுக்கிட்டாரு.

சார் மட்டும் வாயே திறக்கல. மறுநாள் பத்து மணிக்குக் கடைக்கு வந்தாரு. ஏ4 பேப்பர் ஒரு கட்டு கேட்டாரு. காசு கொடுத்துக்கிட்டே சொன்னாரு: "தீர்ப்பு சொல்லலன்னு நேத்து கத்துனீங்களே. சாட்சி எல்லாம் முடிஞ்சுடுச்சு இல்ல? அதுக்கு மேல என்னய்யா வேணும்?"

நான் படிச்ச எந்த விமர்சனத்துலயும் இது இல்லை. அதனாலதான் இங்க கேக்கறேன். மார்க் போட வேணாம். கதையையும் கொட்டிடாதீங்க. யாரோட பார்த்தீங்க, அவங்க என்ன சொன்னாங்க, அதை மட்டும் எழுதுங்க. படமோ, நாடகமோ, கூத்தோ, எதுவா இருந்தாலும் சரி.

முத்தியால்பேட்டை அக்கா:

தம்பி, நல்ல வேலை பண்ணீங்க. எங்க புதுச்சேரியில வருஷா வருஷம் ஆலியான்ஸ் பிரான்சேஸ்ங்கற பிரெஞ்சு கலாச்சார மையத்துல இந்தியத் திரைப்பட விழா நடக்கும், நவதர்ஷன் திரைப்படக் கழகத்தோட சேர்ந்து அரசாங்கம் நடத்தறது. அப்பத்தான் ஒரு படத்துக்கு நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பேர்ல விருது கொடுப்பாங்க. நானும் எங்க தெரு சிநேகிதி ஒருத்தியும் முடிஞ்ச வரைக்கும் விடாம போயிடுவோம். அவ வீட்லயே துணி தைக்கிறவ.

விழாவுல ஒரு வசதி, படம் எடுத்தவங்களே சில சமயம் வந்து நிப்பாங்க. ஒரு தடவை கேள்வி கேக்கலாம்னு சொன்னதும் முன் வரிசையில இருந்தவங்க எல்லாம் எழுந்து கேள்வியே கேக்காம பத்து நிமிஷம் பேசினாங்க. (இந்த ஆளுங்க எல்லா ஊர்லயும் உண்டு போல.) என் சிநேகிதி என் காதுல குசுகுசுன்னு கேட்டா: "அந்தப் பொண்ணு படம் முழுக்க ஏழைப்பட்டவ. போட்டுருக்கற ஜாக்கெட்டு மட்டும் எப்படிக்கா அளவெடுத்துத் தைச்ச மாதிரி அவ்வளவு கச்சிதமா உக்காருது? ஏழை வீட்டுல அக்கா ஜாக்கெட்டைப் பிரிச்சுதானே போடுவாங்க, தோள்ல சுருக்கம் விழணுமே?" எழுந்து கேளுடின்னேன். மாட்டேன்னுட்டா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இதையே பேசிக்கிட்டு வந்தோம். அன்னையிலேருந்து நானும் எந்தப் படம் பார்த்தாலும் தோளைத்தான் பார்க்கறேன், கதை எங்க போகுது!

இன்னொண்ணு. அந்த விருது யார் பேர்ல இருக்கோ, அவர் கடைசிக் காலத்துல இங்கதான் இருந்தாரு. 1922 நவம்பர் 13-ஆம் தேதி புதுச்சேரியிலதான் காலமானாரு, கருவடிக்குப்பத்துல நினைவிடம் இருக்கு. அந்த நாள்ல நாடகக்காரங்க வந்து பாட்டுப் பாடி மரியாதை செய்வாங்க. ஒரு வருஷம் எங்க மாமியாரைக் கூட்டிக்கிட்டுப் போனேன். ஆர்மோனியப் பெட்டியைத் திறந்து ஒருத்தர் வள்ளி திருமணம் நாடகத்துலேருந்து ஒரு பாட்டு எடுத்தாரு. எங்க மாமியார் வீட்ல எந்த டிவி நிகழ்ச்சியையும் நல்லா இருக்குன்னு சொன்னதே கிடையாது. அன்னைக்கு ஆட்டோவுல வரும்போது, "குரல் போயிடுச்சு அவருக்கு. ஆனா எங்க மூச்சு எடுக்கணும்னு தெரிஞ்சிருக்கு"ன்னாங்க. அவங்க சின்ன வயசுல நாடகம் பார்த்த கதை எல்லாம் அப்பறம்தான் ஒவ்வொண்ணா வந்துச்சு.

நெல்லிக்குப்பத்தான்:

நான் கூத்துப் பக்கம். எங்க தாய்மாமன் ஒரு ஜமாவுல, அதாவது கூத்துக் குழுவுல, மிருதங்கம் வாசிக்கறவரு. 2024-ல ஜமான்னே ஒரு படம் வந்துச்சே, பெண் வேஷம் கட்டறவனைப் பத்தி, பாரி இளவழகன் எடுத்து அவரே நடிச்சது, இளையராஜா இசை. மாமாவைக் கட்டாயப்படுத்திக் கூட்டிக்கிட்டுப் போனேன். அவரு தியேட்டர் பக்கம் போய் வருஷக்கணக்காச்சு.

படம் ஓடும்போது நான் திரையைப் பார்த்ததை விட மாமா கையைப் பார்த்ததுதான் அதிகம். வலது கை தொடையில தாளம் போட்டுக்கிட்டே இருந்துச்சு. எங்க கை நின்னுச்சோ அந்த இடத்துல அவருக்கு ஒப்பலைன்னு அர்த்தம். நிறைய இடத்துல நின்னுச்சு. ஆனா அந்தப் பையன் வேஷம் கலைச்சப்பறமும் நடை மாறாம இருக்கறதைக் காட்டின எடத்துல, கை நின்னது மட்டுமில்ல, மனுஷன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டாரு.

வெளிய வந்து, "எப்படி மாமா?"ன்னேன். "ஆளு நல்லா பண்றான். ஆனா ஏன்டா ஒரு பாட்டையும் முழுசா விட மாட்டேங்கறானுங்க? திரை புடிச்சு, உள்ளேருந்து பாடி, சலங்கை சத்தம் கேட்டு, அப்பறம்தானே கிரீடம் தெரியணும்? இவன் எடுத்த எடுப்புல மூஞ்சியைக் காட்டிட்டான்"னாரு. ஒரு சினிமாவுக்குள்ள அதெல்லாம் எப்படிக் காட்ட முடியும்னு நான் வாதாடினேன். "அப்ப கூத்தைப் பத்தி எடுக்காதே, கூத்தாடியைப் பத்தி மட்டும் எடு"ன்னு முடிச்சுட்டாரு. எனக்கு இன்னமும் அதுல சம்மதம் இல்லை. படம் பார்த்துட்டு எங்க ஊர்ப் பசங்க நாலு பேர் கூத்துக் கொட்டகைப் பக்கம் வந்தாங்கன்னா எனக்கு அது போதும்.

இதுக்கு நேர் எதிர் கதையும் இருக்கு. புதுச்சேரியில என்கூட வேலை பாக்கற நண்பன் ஒருத்தனைத் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குக் கூட்டிக்கிட்டு வந்தேன். ராத்திரி பத்து மணிக்கு மேல கட்டியங்காரன், கூத்துல வர்ற கோமாளி, வந்தான். உள்ளூர் பஞ்சாயத்து, கேஸ் சிலிண்டர் விலைன்னு வாரினான். நம்ம ஆளு சிரிச்சு ரீல் எடுத்துக்கிட்டு இருந்தான். நடுராத்திரிக்கு மேல, "டேய், கொஞ்சம் இழுக்குதுடா"ன்னு பாயில சாஞ்சுட்டான். அன்னைக்கு வஸ்திராபரணம், திரௌபதி சேலையை உருவற கதை. துச்சாதனன் சேலையில கை வைக்கறதுக்கு முன்னாடி கற்பூரம் ஏத்தி, வேஷம் கட்டினவரே திரௌபதி வேஷத்தைப் பார்த்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாரு. உக்காந்திருந்த கிழவிங்க எல்லாம் எழுந்து நின்னுட்டாங்க. இவனும் எழுந்தான், செல்போன் பாயிலயே கிடந்துச்சு.

காலையில மாமா, வேஷக்காரங்க தோள்ல கட்டற புஜக்கட்டையை எல்லாம் துணியில சுத்திப் பெட்டியில வச்சுக்கிட்டு இருந்தாரு. கல்யாண முருங்கை மரத்துல செஞ்சது, கையில எடுத்தா வெயிட்டே தெரியாது. நண்பன் அதை வாங்கிப் பார்த்துட்டு, "அங்கிள், அந்தத் துச்சாதனன் பயங்கரம்"னான். மாமா நிமிரவே இல்லை. "அவனா? மூணாவது சுத்துல தாளம் விட்டுட்டான். பின்பாட்டுக்காரன் தூக்கி நிறுத்தலன்னா மானம் போயிருக்கும்." நண்பன் முழிச்சான். ராத்திரி முழுக்க உக்காந்து பார்த்தும் அந்த இடத்தை நாங்க ரெண்டு பேரும் பிடிக்கல.

லாஸ்பேட்டைக்காரன்:

என்னுது சின்னக் கதை. மெய்யழகன் படத்தை வந்த முதல் நாளே நான் பார்த்துட்டேன். என் மச்சான் ஒரு வாரம் கழிச்சுப் பார்த்தாரு. ரிலீஸ் ஆனதுக்கப்பறம் படத்துல பதினெட்டு நிமிஷத்துக்கு மேல வெட்டினாங்க இல்ல, அது எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. நான் ஒரு பேச்சைச் சொல்லி உருகறேன், அவரு "அப்படி ஒரு சீனே கிடையாது, நீ தூங்கிக் கனா கண்டிருப்பே"ன்றாரு. கல்யாண வீட்டுப் பந்தியில ஆரம்பிச்ச சண்டை, ரசம் வந்தும் ஓயல. கடைசியில என் தங்கச்சிதான் போன்ல செய்தியைத் தேடி எடுத்துக் காட்டினா. அதுக்கும் மச்சான், "வெட்டினது சரிதான், எனக்கு ஒண்ணும் குறையாத் தெரியல"ன்னுட்டாரு. பார்க்காததை எப்படிங்க குறைன்னு சொல்றது?

வில்லியனூரான்:

நெல்லிக்குப்பத்தாருக்கு ஒரு சேதி. உங்க மாமாகிட்ட சொல்லுங்க. பாரிஸ்ல தேயாத்ர் து சொலேய்னு பெரிய நாடகக் குழு, ஆரியான் முஷ்கின் அம்மா நடத்தறது. அவங்க 2015 கடைசியில புதுச்சேரிக்கு வந்து நடிகர்களுக்குப் பயிற்சி நடத்தினாங்க. அடுத்த வருஷம் பாரிஸ்ல போட்ட நாடகத்துல தெருக்கூத்தையே சேர்த்தாங்க. அதைக் கத்துக்கொடுத்தது புரிசை கண்ணப்ப சம்பந்தத் தம்பிரான். அங்க பிரெஞ்சுக்காரங்க கிரீடம், கட்டை எல்லாம் கட்டி அடவு போட்டாங்க. தாளம் விட்டாங்களான்னு மாமாதான் பார்த்துச் சொல்லணும்.

நான் நாடகம் பார்க்க ஆரம்பிச்சது ரொமேன் ரோலன் வீதியில. பிரெஞ்சுக்காரன் காலத்துச் சினிமா கொட்டகை அது, அப்ப அதுல இந்தியனோஸ்ட்ரம்ங்கற நாடகக் குழு நாடகம் போடும். முதல் தடவை எங்க அப்பாவையும் கூட்டிக்கிட்டுப் போனேன். பஞ்சாலையில வேலை பார்த்தவரு. நாடகத்துல வசனம் ரொம்பக் குறைச்சல், உடம்பை வச்சே எல்லாம். நெளிவாருன்னு நினைச்சேன். முடிஞ்சதும், "மில்லுல சத்தத்துல ஒருத்தர் பேசினா ஒருத்தருக்குக் கேக்காது. நாங்க ஷிப்டு முழுக்க இப்படித்தான் கையாலயும் புருவத்தாலயும் பேசிக்குவோம். இந்தப் பசங்க எங்க கத்துக்கிட்டாங்க?"ன்னாரு. நடிச்ச பையன் ஒருத்தன் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தான். அப்பாவை உக்கார வச்சு அந்த ஜாடை எல்லாம் செஞ்சு காட்டச் சொல்லிட்டான். நூல் அறுந்துச்சுன்னா ஒரு ஜாடை, மேஸ்திரி வர்றான்னா ஒரு ஜாடை, டீ வந்துடுச்சுன்னா ஒண்ணு. நான் பொறந்ததுலேருந்து பார்க்காத அப்பா.

முதுநகர் ரசிகன்:

எல்லாரும் நல்லா எழுதறீங்க. ஆனா ஒரு விஷயத்துல எனக்கு வருத்தம். முதல் நாள் முதல் ஷோ பார்க்கறவனை யாருமே மதிக்க மாட்டேங்கறீங்க. முன்னெல்லாம் விடியக்காலம் நாலு மணிக்கே ஷோ இருக்கும். இப்ப பெரிய படம்னாலும் ஒன்பது மணிக்குத்தான். நாங்க எட்டு மணிக்கே பால் குடத்தோட நிப்போம். உள்ள ஒரு வசனம் காதுல விழாது, பேப்பர் பறக்கும், நாலு பேர் தோள்ல நாலு பேர். படம் எப்படின்னு கேட்டா எங்களுக்கும் தெரியாதுதான். அதைத் தெரிஞ்சுக்க ரெண்டாவது தடவை போவோம். அப்பக் கூட வர்றது எங்க அம்மா. இடைவேளையில முறுக்கைக் கடிச்சுக்கிட்டே, "இவன் இன்னும் எத்தினி படத்துக்குடா காலேஜுக்குப் போவான்?"னு கேக்கும். தலைவரைப் பத்தி அந்த வீட்டுல அப்படிக் கேக்கற தைரியம் வேற யாருக்கும் கிடையாது.

மஞ்சக்குப்பத்தான்:

முதுநகர் தம்பி, கோவிச்சுக்காதீங்க, எங்க மீன் ஏலக்காரனும் பால் குட கோஷ்டிதான். உங்களுக்கு அவனைத் தெரிஞ்சுகூட இருக்கும். அம்மாவை அடுத்த படத்துக்கு எங்க செட்டோட அனுப்புங்க, சாருக்குச் சரியான ஜோடி.

நெல்லிக்குப்பத்தாரே, மாமா ஜமா அடுத்து எங்க ஆடுதுன்னு சொல்லுங்க. நாங்க நாலு பேரும் வர்றோம், மினி பஸ்காரன் வண்டி எடுக்கறேன்னுட்டான். மாமா பக்கத்துல உக்கார இடம் கிடைக்குமா? அவரு வாசிச்சுக்கிட்டு இருப்பாரு, தெரியும். தாளம் தப்பற இடம் வந்தா எங்க பக்கம் ஒரு பார்வை பார்த்தாருன்னா போதும். வில்லியனூராரே, அப்பாவையும் கூட்டிக்கிட்டு வாங்க. முத்தியால்பேட்டை அக்கா, உங்க சிநேகிதிகிட்ட துச்சாதனன் இழுக்கற சேலை எத்தனை கெஜம்னு கேட்டுச் சொல்லுங்க, எங்களுக்குள்ள அதுல ஒரு பந்தயம் ஓடுது.