பழைய பங்குப் பத்திரத்தில் ‘இன்ட்ரஸ்ட்’: எங்கே வட்டி, எங்கே வேறு பொருள்?

கேள்வி (காரைக்குடி)

அனைவருக்கும் வணக்கம். என் ஐயா, அதாவது அப்பச்சியின் (அப்பாவின்) தகப்பனார், 1920களில் பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போனவர். ரங்கூன் வட்டிக்கடைக்காகக் கூட்டாளிகளுடன் அவர் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்ட பங்குப் பத்திரம் இரண்டாம் கட்டு அறைப் பெட்டகத்தில் கிடைத்தது. அடுத்த தலைமுறை படிப்பதற்காக அதைத் தமிழாக்கி வருகிறேன். அதில் ‘இன்ட்ரஸ்ட்’ என்ற சொல் நான்கு இடங்களில் வருகிறது. முதலாவது, கூட்டாளிகள் போட்ட முதலுக்குக் கிடைப்பது. இரண்டாவது, சில நெல் வயல்களில் கடைக்கு உள்ளது. மூன்றாவது, கடையை நடத்தும் மேலாள் எதை முன்னிட்டு முடிவெடுக்கலாம் என்பது. நான்காவது, தகராறு வந்தால் ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ ஆன நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) இருவர் தீர்த்துவைக்க வேண்டும் என்பது. முதலாவது வட்டி என்பதில் ஐயமில்லை. ஆனால் நான்காவதை ‘ஆர்வமற்ற இருவர்’ என்று எழுதினால், கேட்க மனமில்லாதவர்களிடம் வழக்கைக் கொடுத்ததாக ஆகிவிடுகிறது. எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே தமிழ்ச் சொல் உண்டா?

மறுமொழி 1 (தேவகோட்டை)

ஒரே சொல்லைத் தேடாதீர்கள். தேடினால் பத்திரம் கெட்டுப்போகும். அந்தச் சொல்லை அடுத்து வரும் ஆங்கில இடைச்சொல்லைப் பாருங்கள், பாதி வேலை முடிந்துவிடும். ‘ஆன்’ வந்தால் தொகையின் மேல் ஏறும் வட்டி. ‘இன்’ வந்து அதன்பின் நிலமோ கடையோ வந்தால் உரிமை. பாட்டோ படிப்போ வந்தால்தான் ஆர்வம். சொல்லுக்கு முன்னே ‘இன் தி’ என்றும் பின்னே ‘ஆஃப்’ என்றும் இருந்தால் நலன். ஆகவே உங்கள் மூன்றாவது இடம் ‘கடையின் நலனை முன்னிட்டு’ என்று ஆகும். வட்டி என்று எழுதும் இடத்திலும் நடப்பு வட்டியா (அவ்வப்போதைய நிலவரப்படி மாறுவது), தவணை வட்டியா (குறிப்பிட்ட தவணைக்கு உரியது) என்பதைப் பேரேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். நம் ஆட்கள் அவ்விரண்டையும் ஒருபோதும் ஒன்றாக எண்ணியதில்லை. ஆங்கிலப் பத்திரமோ இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடக்கியிருக்கக்கூடும்.

மறுமொழி 2 (புதுவயல்)

மேலே சொன்னது சரி. ஆனால் இரண்டாவது இடத்தில் ‘உரிமை’ என்று மட்டும் எழுதுவதை நான் ஏற்கவில்லை. படிப்பவர் அதைச் சொந்தம் என்றே எடுத்துக்கொள்வார். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 58ஆம் பிரிவு அடமானத்துக்குச் சொல்லும் விளக்கமே, கடனுக்கு ஈடாகக் குறிப்பிட்ட அசையாச் சொத்தில் ஓர் ‘இன்ட்ரஸ்டை’ மாற்றிக்கொடுப்பது என்பதுதான். நிலம் கடன் வாங்கியவருடையதாகவே இருக்கும். கடன் கொடுத்தவருக்கு அதன்மேல் ஒரு பிடி மட்டும் உண்டு. இதற்கு நம் பத்திர எழுத்தர்கள் காலங்காலமாக எழுதிவரும் ‘பாத்தியதை’ என்ற சொல்லே பொருந்தும்.

பத்திரத்தின் ஆண்டையும் கவனியுங்கள். பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 1930இல் சுமார் 6 விழுக்காடுதான். நெல் விலை வீழ்ந்து, கடன் திரும்பாமல், அடமான நிலங்கள் வந்துசேர்ந்த பிறகு 1937இல் அது சுமார் 25 விழுக்காடாக உயர்ந்தது. உங்கள் பத்திரம் அந்த வீழ்ச்சிக்கு முந்தியது என்பதால், அதில் சொல்லப்படுவது பெரும்பாலும் அடமானப் பாத்தியதையாகத்தான் இருக்கும். பத்திரத்தோடு உள்ள சொத்துப் பட்டியலைப் பார்க்காமல் ‘எங்கள் நிலம்’ என்று எழுதிவிடாதீர்கள்.

மறுமொழி 3 (கோட்டையூர்)

இத்தனை பொருள் எப்படி ஒரு சொல்லில் சேர்ந்தது என்பதையும் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நான்காவது இடத்துக்கான விடை அங்கேதான் இருக்கிறது. மூலமான லத்தீன் வினைக்கு ‘இடையில் இருத்தல்’ என்று பொருள். அதிலிருந்து ‘வேறுபாடு உண்டாக்குதல்’, ‘ஒருவருக்குப் பொருட்டாக இருத்தல்’ என்று விரிந்தது. இடைக்கால ஐரோப்பாவில் திருச்சபை வட்டி வாங்குவதைப் பாவம் என்று விலக்கியிருந்தது. ஆனாலும் கடன் உரிய நாளில் திரும்பாததால் கொடுத்தவருக்கு நேர்ந்த இழப்பை, அதாவது இருந்திருக்க வேண்டியதற்கும் இருப்பதற்கும் இடையிலான வேறுபாட்டை, ஈடுசெய்வது தவறில்லை என்று கொள்ளப்பட்டது. அந்த ஈட்டுக்கு வழங்கிய பெயரே பின்னர் வட்டிக்கும் ஆனது. இங்கிலாந்தில் 1545இல் எட்டாம் ஹென்றியின் சட்டம் 10 விழுக்காடு வரை அதை அனுமதித்தது. 1552இல் அது நீக்கப்பட்டு, 1571இல் மீண்டும் வந்தது. ஆர்வம் என்ற பொருள் இவற்றுக்கெல்லாம் பின்னால் வந்தது. ஆகவே ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ என்பவர் அந்த வழக்கில் தமக்கென்று பொருட்டான எதுவும் இல்லாதவர். மனத்தைப் பற்றிய பேச்சே அங்கில்லை.

நம் ‘வட்டி’யும் ஒரே பொருளோடு நின்ற சொல்லன்று. சங்கப் பாடல்களில் வட்டி என்றால் கூடை. பாணர்குலப் பெண் மீன் கொண்டுபோய்க் கொட்டிய வட்டியில் வீட்டுத் தலைவி பயறு நிரப்பி அனுப்புகிறாள். நம் வீட்டு ஓலைக் கொட்டானைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழைய வட்டிதான் நினைவுக்கு வருகிறது.

கேட்டவரின் பதில் (காரைக்குடி)

மூவருக்கும் மிக்க நன்றி. பத்திரத்தின் பின்னிணைப்பைப் பார்த்தேன். வயல்கள் அனைத்தும் அடமானமாகவே குறிக்கப்பட்டிருக்கின்றன. எனவே இரண்டாவது இடத்தில் ‘அடமானப் பாத்தியதை’ என்றும், மூன்றாவதில் ‘கடையின் நலனை முன்னிட்டு’ என்றும் திருத்திவிட்டேன். நான்காவது வரி இப்போது இப்படி இருக்கிறது: ‘தகராறு நேர்ந்தால், அதில் தமக்கென யாதொரு பாத்தியதையும் ஆதாயமும் இல்லாத நகரத்தார் இருவர் கேட்டுத் தீர்த்துவைக்க வேண்டியது.’