ரேண்டம் அதிர்வுக்கு ஹார்மோனிக் சிமுலேஷன் போதுமா?

மெஷ்காரன்:
மின்னணுப் பெட்டி ஒன்றைத் தாங்கும் அலுமினிய பிராக்கெட் செய்கிறேன். சோதனைத் தேவை ரேண்டம், அதாவது பல அதிர்வெண்களும் ஒழுங்கின்றி ஒரே நேரத்தில் கலந்த அதிர்வு: 20 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை ஒரே மட்டமாக, ஹெர்ட்ஸுக்கு 0.04 ஜி ஸ்கொயர் (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்). மொத்தம் 8.9 ஜி ஆர்எம்எஸ் (ஸ்கொயர்களின் சராசரிக்கு வர்க்கமூலம்). முதல் மோடு (பிராக்கெட் இயல்பாக ஆடும் வடிவம்) 120 ஹெர்ட்ஸ், டேம்பிங் (அதிர்வைத் தணிக்கும் அளவு) 2 சதவீதம் என்று வைத்திருக்கிறேன். எங்கள் குழுவின் மூத்தவர், "அந்த 8.9 ஜியை அப்படியே ஹார்மோனிக்காகக் கொடு, ஸ்ட்ரெஸ் யீல்டுக்கு (உலோகம் நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவு) கீழே இருந்தால் போதும்" என்கிறார். ஹார்மோனிக் என்றால் ஒரு நேரத்தில் ஒரே அதிர்வெண்ணில் சீராக ஆட்டுவது. கொடுத்தேன். 120இல் 222 ஜி வருகிறது. இதை நம்பினால் பிராக்கெட்டை இரண்டு மடங்கு தடிமனாக்க வேண்டும். நம்பலாமா?

சிக்மா:
வேண்டாம். 8.9 ஜி என்பது 1980 ஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரவிக் கிடக்கிற அதிர்வின் கூட்டு. அதை மொத்தமாக அள்ளி ஒரே அதிர்வெண்ணில் கொட்டிவிட்டு, 2 சதவீத டேம்பிங்குக்கு உச்சியில் வரும் 25 மடங்கு பெருக்கமும் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் மோடு கவனிப்பது தன்னைச் சுற்றியுள்ள சில ஹெர்ட்ஸை மட்டும்தான். 2 சதவீத டேம்பிங்குக்கு அரைத்திறன் அகலம் (உச்சியைச் சுற்றி அதிர்வுத்திறன் பாதிக்குக் குறையாத பகுதி) 4.8 ஹெர்ட்ஸ்.

ஒற்றை மோடின் ரேண்டம் ஆர்எம்எஸைத் தோராயமாகத் தரும் மைல்ஸ் சூத்திரத்தில் (π/2 × அதிர்வெண் × பெருக்கம் × மட்டம்) போட்டுப் பாருங்கள்: 1.57 × 120 × 25 × 0.04, அதன் வர்க்கமூலம் 13.7 ஜி ஆர்எம்எஸ். மூன்று சிக்மா, அதாவது ஆர்எம்எஸின் மூன்று மடங்கு, எடுத்தாலும் 41 ஜிதான். 222 எங்கே, 41 எங்கே! தேவை ரேண்டம் என்றால் ரேண்டம் ரெஸ்பான்ஸ்தான் ஓட்ட வேண்டும்.

சுத்தியல்:
மூத்தவர் சொன்னது தவறு, சரி. அதற்காக ஹார்மோனிக்கின் மேல் ஏன் பழி? 1 ஜி கொடுத்து ஹார்மோனிக் ஓட்டினால் எந்த அதிர்வெண்ணில் எந்த மூலை எவ்வளவு ஆடுகிறது, எந்தப் பக்கம் ஆடுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். ரேண்டம் ரன் கடைசியில் தருவது ஒரு வண்ணப்படம், எல்லாமே பாசிட்டிவ் எண்கள். அதை வைத்து எங்கே தப்பு நடந்தது என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. 1 ஜி ஹார்மோனிக், அப்புறம் கையால் மைல்ஸ். வேலை முடிந்தது.

சிக்மா:
மைல்ஸ் ஒற்றை மோடுக்கு. மெஷ்காரன், அடுத்த மோடு எங்கே?

மெஷ்காரன்:
124 ஹெர்ட்ஸ் சார். ஒன்று பக்கவாட்டில் வளைகிறது, இன்னொன்று முறுக்குகிறது.

சிக்மா:
அப்போது மைல்ஸ் கதை முடிந்தது. 4.8 ஹெர்ட்ஸ் அகலமுள்ள இரண்டு உச்சிகள் 4 ஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கின்றன. ஒரு மூலையில் இரண்டும் கூடும், எதிர் மூலையில் ஒன்றையொன்று தின்னும். தனித்தனியே கணக்கிட்டு, ஸ்கொயர்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் அந்தக் குறுக்குப் பகுதி காணாமல் போகும்.

சுத்தியல்:
ஹார்மோனிக் வளைவில் அது ஏற்கெனவே இருக்கிறதே! வளைவின் அளவை ஸ்கொயர் செய்து, 0.04ஆல் பெருக்கி, பரப்பைக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். விரிதாளிலேயே போடலாம்.

சிக்மா:
சிமுலேஷன் மென்பொருளின் சால்வர் செய்வதும் அதைத்தான். நீங்கள் எதிர்க்கிற ரேண்டம் அனாலிசிஸை விரிதாளில் எழுதச் சொல்கிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

சுத்தியல்:
சண்டையே அதுதான். அடியில் இருக்கிற வளைவைப் பார்க்காமல் மேலே இருக்கிற எண்ணை நம்புகிறார்கள். மெஷ்காரன், அதிர்வெண் இடைவெளி எவ்வளவு வைத்தீர்கள்?

மெஷ்காரன்:
5 ஹெர்ட்ஸ், சீராக.

சுத்தியல்:
பாருங்கள். மோடு சரியாக 120இல் இருந்ததால் தப்பித்தீர்கள். புள்ளி உச்சியிலிருந்து 2.5 ஹெர்ட்ஸ் தள்ளி விழுந்திருந்தால் 25 மடங்கு 17 மடங்காகத் தெரியும். 124இன் உச்சியில் இப்போதே புள்ளி இல்லை, பக்கத்தில் 125இல்தான் இருக்கிறது. ரேண்டம் ரன் இதை எச்சரிக்காது, அழகான படத்தோடு தவறான ஆர்எம்எஸ் கொடுத்துவிட்டுப் போய்விடும்.

சிக்மா:
இதில் மறுப்பில்லை. ஒவ்வொரு மோடின் அரைத்திறன் அகலத்துக்குள்ளும் ஐந்து புள்ளிகளாவது விழ வேண்டும், மோடுகளைச் சுற்றி நெருக்கி வையுங்கள். இன்னொன்று: ஆர்எம்எஸ் ஸ்ட்ரெஸ் கூறுகளை எடுத்துக் கையால் வான் மீசஸ் (கூறுகளை யீல்டோடு ஒப்பிட ஒரே எண்ணாக்கும் ஸ்ட்ரெஸ்) போடாதீர்கள். பிளஸ்-மைனஸ் குறியும் கட்டமும் (ஃபேஸ்) போன பிறகு அந்தச் சூத்திரத்துக்கு அர்த்தமில்லை. சால்வர் உள்ளேயே கணக்கிட்டுத் தருவதை எடுங்கள்.

சுத்தியல்:
அந்த மூன்று சிக்மாவையும் கொஞ்சம் பேசுவோம். 99.73 சதவீத நேரம் உள்ளே இருக்கும் என்று எல்லோரும் அதை உச்சவரம்பு போல எழுதுகிறார்கள். 120 ஹெர்ட்ஸில் ஒரு நிமிடம் ஓடினால் 7200 சுழற்சி. சராசரியாக 80 தடவை மூன்று சிக்மாவைத் தாண்டும், அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும். பெரிய உச்சி 4.2 சிக்மா அளவில் இருக்கும்.

சிக்மா:
வரம்பு என்று நான் சொல்லவில்லை. ரேண்டமில் பிராக்கெட் பெரும்பாலும் களைப்பால் (திரும்பத் திரும்ப வரும் சுமையால்) உடையும், ஒற்றை உச்சியால் அல்ல. ஹார்மோனிக்கில் யீல்டோடு ஒப்பிட்டுவிட்டுப் போனால் அந்தக் கேள்வியே எழாது. டேம்பிங்கையும் பாருங்கள். 2 சதவீதம் உண்மையில் 1 என்றால் உங்கள் ஹார்மோனிக் உச்சி இரட்டிப்பாகும். ஒற்றை மோடு கணக்கில் ரேண்டம் ஆர்எம்எஸ் 13.7இலிருந்து 19.4தான் ஆகும். எது அதிகம் தடுமாறுகிறது?

சுத்தியல்:
ஸ்ட்ரெஸ் 1.41 மடங்கு. களைப்பு வளைவின் (ஸ்ட்ரெஸுக்கு எதிரே ஆயுள்) அடுக்கு 6 என்று வைத்தால் ஆயுள் எட்டில் ஒரு பங்கு. இது சின்னத் தடுமாற்றமா? ஊகித்த டேம்பிங்கை வைத்து இரண்டு பேரும் தசமப் புள்ளிக்குச் சண்டை போடுகிறோம். பிராக்கெட்டைச் சுத்தியலால் தட்டி அளந்துவிட்டு வரட்டும்.

மெஷ்காரன்:
மாதிரித் துண்டு ஒன்று இருக்கிறது. பெட்டி இன்னும் வரவில்லை, வெறும் பிராக்கெட்டைத் தட்டினால் போதுமா?

சிக்மா:
போதாது. பெட்டி வராவிட்டால் அதே எடையும் அதே ஈர்ப்பு மையமும் உள்ள கட்டை ஒன்றை, அதே போல்ட்டுகளால், அதே இறுக்கத்தில் மாட்டித் தட்டுங்கள். அப்போதும் வருவது சின்ன அசைவின் டேம்பிங்தான். பெரிதாக ஆடும்போது போல்ட் இணைப்பில் உரசல் கூடி டேம்பிங்கும் கூடும். அதனால் சுத்தியலால் தட்டி வந்த டேம்பிங் மதிப்பை வைத்து பிராக்கெட்டைத் தடிமனாக்கிவிடாதீர்கள். அதிர்வு மேசையில் குறைந்த மட்ட ரேண்டம் ஒன்று ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

சுத்தியல்:
கூடும் என்று நம்பி மெல்லியதாக வைப்பதற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.