மறுமொழி: 'மீவெளிப்புற மோதல்' வேண்டாம், 'தொடாமோதல்' என்போமா?

ஐயா, வணக்கம்.

உங்கள் இயற்பியல் கலைச்சொல் பட்டியலில் 'அல்ட்ராபெரிஃபெரல் கொலிஷன்' என்பதற்கு நீங்கள் தந்த 'மீவெளிப்புற மோதல்' சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்பது படிக்கும் மாணவருக்குப் பிடிபடாது. என் பரிந்துரை: தொடாமோதல்.

செர்ன் என்னும் ஐரோப்பியத் துகள் ஆய்வகத்தில் ஈய அணுக்கருக்களை எதிரெதிரே ஓடவிடுகிறார்கள். ஒரு கருவின் ஆரம் சுமார் 7 ஃபெம்டோமீட்டர். மையங்களுக்கு நடுவே 14 ஃபெம்டோமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் கருக்கள் தொடாமலே கடந்துவிடும். ஆனால் கருவிலுள்ள 82 புரோட்டான்கள் ஏறத்தாழ ஒளிவேகத்தில் போகும்போது அவற்றின் மின்காந்தப் புலம் ஃபோட்டான் (ஒளித்துகள்) கற்றை போலவே நடந்துகொள்கிறது. மோதுவது அந்த ஃபோட்டான்கள்தாம். ஆகவே 'தொடாமல் எப்படி மோதும்?' என்ற கேள்விக்குச் சொல்லிலேயே விடை இருக்கிறது: தொடாதது கரு, மோதுவது ஒளி. புரோட்டான்களை ஓடவிடுவதோடு ஒப்பிட்டால் இதற்கான வாய்ப்பு 82-இன் நான்காம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ நாலரைக் கோடி மடங்கு!

புதிய துகள் தேடுபவர்களுக்கு இது பெரிய வரம். ஈயக் கருக்கள் நேருக்கு நேர் மோதினால் ஆயிரக்கணக்கான துகள்கள் சிதறும். இங்கே கருவியில் இரண்டே ஃபோட்டான்கள், மற்றபடி வெறுமை. ஆக்சியான் (இருக்கலாம் என்று ஊகிக்கப்படும், இன்னும் காணப்படாத துகள்) போன்ற துகள் ஒன்று பிறந்து அந்த இரண்டு ஃபோட்டான்களாகச் சிதைந்திருந்தால், அவ்விரண்டின் ஆற்றலையும் திசையையும் வைத்துக் கணக்கிடும் 'கூட்டு நிறை'யின் வரைபடத்தில் ஓரிடம் மேடாகத் தெரியும். செர்னின் அட்லஸ் ஆய்வுக் குழு 6 முதல் 100 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் (துகள் நிறையின் அலகு) வரை தேடிப் பார்த்தது. மேடு இல்லை. அப்படி ஒரு துகள் இருந்தாலும் ஒளியோடு அதன் பிணைப்பு எவ்வளவு வலுவாக இருக்க முடியும் என்பதற்கு வரம்பு மட்டும் கிடைத்தது.

இன்னொன்று: நடுமோதல், விளிம்புமோதல், தொடாமோதல் என மூன்றும் ஒரே வரிசையில் நிற்கும். 'வாடாமல்லி' சொல்லும் நாக்குக்கு இது புதிதல்ல.

அப்புறம், 'ஆக்சியான்' அப்படியே இருக்கட்டும். இயற்பியலாளர் ஃபிராங்க் வில்செக் ஒரு சலவைப்பொருளின் பெயரை எடுத்து வைத்தது அது. வேர் தேடிப் பயனில்லை.

—

தம்பி,

ஏற்கிறேன், பட்டியலில் மாற்றிவிடுகிறேன். 'மீ' என்பதைப் பார்த்தால் மாணவர்கள் மோதல் இன்னும் கடுமையானது என்றுதான் நினைப்பார்கள். 'கூட்டு நிறை' மட்டும் எனக்கு உடன்பாடில்லை. இரண்டின் நிறையைக் கூட்டினால் வருவது என்று தோன்றும். ஃபோட்டானுக்கோ நிறையே கிடையாது. இங்கே கணக்கிடுவதோ எந்த வேகத்தில் போகிறவர் அளந்தாலும் மாறாத நிறை. 'மாறாநிறை' என்போம், உங்கள் தொடாமோதலுக்குத் துணையாகவும் இருக்கும்.