புதுப்பிப்பு: அழிய மறுத்த இரண்டு கோப்புகளும் ஒழிந்தன

போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன்: விண்டோஸ் கணினியில் ஒரு பழைய கோப்புறையில் இரண்டு கோப்புகள் மட்டும் அழிய மறுக்கின்றன, கணினியை அணைத்துப் போட்டாலும் பயனில்லை என்று. நேற்று இரவு முடிந்தது.

முதலாவது ஒரு வீடியோ. "வேறொரு நிரலில் திறந்திருக்கிறது" என்றே அடம்பிடித்தது. எந்த நிரல் எந்தக் கோப்பைப் பிடித்திருக்கிறது என்று காட்டும் விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரில் சிபியு தாவலுக்குப் போய், தேடல் பெட்டியில் கோப்பின் பெயரைத் தட்டினேன். பிடித்துவைத்திருந்தது, கோப்புறைகளைத் திறந்து காட்டும் எக்ஸ்ப்ளோரரேதான்! அழிப்பதற்காக நான் கோப்பைத் தேர்ந்தெடுத்த நொடியிலேயே கோப்பின் உள்ளடக்கத்தைப் பக்கத்திலேயே காட்டும் முன்னோட்டப் பலகம் அதைத் திறந்துவிடுகிறது. திருடனைக் காவலுக்கு வைத்த கதை. ஆல்ட், பி விசைகளைச் சேர்த்து அழுத்திப் பலகத்தை மூடினேன், கோப்பு போய்விட்டது.

இரண்டாவதுதான் உயிரை வாங்கியது. கண்ணெதிரே இருக்கும் கோப்பை "காணவில்லை" என்றது. இதை எந்த நிரலும் பிடித்துப் பூட்டியிருக்கவில்லை, பெயரின் கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தது. விண்டோஸ் வழக்கமாக அந்த இடைவெளியை வெட்டிவிட்டுத் தேடும். அந்தப் பெயரில் கோப்பு இருக்காதே. முற்றுப்புள்ளியில் முடியும் பெயருக்கும் இதே கதிதான். கட்டளைச் சாளரத்தில் கோப்பை அழிக்கும் டெல் (del) கட்டளையுடன், முழுப் பாதையின் முன்னால் \\?\ என்ற குறிகளைச் சேர்த்து, கடைசி இடைவெளியையும் விடாமல் மேற்கோள்குறிக்குள் எழுதினேன். அந்தக் குறிகள் இருந்தால் விண்டோஸ் பெயரில் கைவைக்காமல் அப்படியே எடுத்துக்கொள்ளும். முதல்முறை இடைவெளியை மறந்து, அரைமணி நேரம் வீணாயிற்று.

பூட்டு உடைக்கும் மென்பொருள் எதையும் நான் இறக்கவில்லை.