மகளிடம் விட்டுக்கொடுத்த அம்மா: 'தி ஸ்டோன் ஸ்கை' படித்த அனுபவம்

என்.கே. ஜெமிசின் எழுதிய மூன்று பாகக் கற்பனை நாவலின் கடைசிப் பாகமான 'தி ஸ்டோன் ஸ்கை' பற்றி இங்கே எல்லோரும் அவரவர் அனுபவத்தைச் சொல்கிறீர்கள், என்னுடையதும் இருக்கட்டும். முடிவைச் சொல்லாமல் முடியாது, அதனால் படிக்காதவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுங்கள்.

என் மகள்தான் புத்தகங்களைக் கையில் திணித்தாள். "மூணு பாகத்துக்கும் ஹ்யூகோம்மா, அறிவியல் புனைகதைக்குத் தர்ற பெரிய விருது, 2016, 17, 18ன்னு வரிசையா. அப்படி வாங்கின முதல் ஆள் ஜெமிசின்தான்" என்றாள். முதல் இரண்டையும் வேகமாக முடித்துவிட்டேன். கடைசிப் பாகத்துக்கு வந்தபோது 2024 கோடை, பெங்களூரில் போர்வெல்கள் வற்றிக்கொண்டிருந்த நேரம். எங்கள் தெருவில் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு அங்கேயே நின்று படிப்பேன். காஸ்ட்ரிமா ஊர்க்காரர்கள் பாலைவனத்தைக் கடக்கிற பகுதி அப்போதுதான் வந்தது. நடந்துகொண்டே ஆட்கள் செத்துக்கொண்டிருப்பார்கள், மிச்சம் இருப்பவர்கள் நடந்தே ஆக வேண்டும். குடத்தை நகர்த்த மறந்து பின்னால் நின்ற பாட்டியிடம் திட்டு வாங்கினேன்.

சில் அனாஜிஸ்ட் நகரத்து அத்தியாயங்கள் இழுவை என்று இங்கே சிலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பூமிக்குள் இருக்கும் சக்தியை உறிஞ்சப் போய் நிலவையே தொலைத்த ஊர் அது, ஆயிரம் அடிக்கும் கீழே துளை போட்டும் தண்ணீர் வராத ஊரில் இருந்துகொண்டு அதை எப்படிச் சாதாரணமாகப் புரட்டுவது?

ஆனால் என்னை உலுக்கியது கோர்பாயின்ட் நகரத்தில் நடக்கும் கடைசி மோதல்தான். கதையின் நாயகி எஸ்ஸுன், பூமியின் சீற்றம் அடங்க நிலவைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறாள். அவள் மகள் நாஸுனோ மனிதர்கள் எல்லோரையும் சாகாத கல்மனிதர்களாக மாற்றிவிட நினைக்கிறாள், தன்னை அன்பாகப் பார்த்துக்கொண்ட ஷாஃபாவைக் காப்பாற்ற அதுதான் வழி என்று. இருவரும் ஒரே சக்திக்காக மோதுகிறார்கள். அம்மாவுக்கு ஏற்கெனவே ஒரு கை கல்லாகிவிட்டது. இன்னும் பிடிவாதம் பிடித்தால் பெண் பிழைக்க மாட்டாள் என்று தெரிந்ததும் விட்டுவிடுகிறாள். உலகமே போனாலும் சரி என்று விடுகிறாள், கல்லாகியும் போகிறாள். அதைப் பார்த்த பிறகுதான் நாஸுன் அம்மா தொடங்கிய வேலையைத் தானே முடித்து வைக்கிறாள்.

முதல் பாகத்திலிருந்தே எஸ்ஸுன் கண்டிப்பான அம்மா. பெண் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காகவே அவளை வலிக்க வலிக்கப் பழக்கியவள். அப்படிப்பட்டவள் கடைசியில் அடக்கிப் பார்க்காமல் விட்டுக்கொடுத்தது எனக்கு மிகப் பெரிய விஷயம். அன்று ராத்திரியே மகளைக் கூப்பிட்டு நெடுநேரம் பேசினேன், பாதி கதையைப் பற்றி, பாதி எங்களைப் பற்றி.

நாஸுன் மேல் கோபம் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எனக்கு வரவே இல்லை. வந்தவர்கள் ஏன் என்று எழுதுங்கள்.