கீழே கல், மேலே மரம்

நான்: [படம்] இன்று மதியச் சாப்பாடு இந்த வீட்டில். பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர் நகரத்துப் பெரிய தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே, மேசோன் கம்மெர்ட்செல் என்று பெயர். 1427-ல் கட்டியது, இப்போது ஹோட்டல்

அத்தை: என்னடா இவ்வளவு கறுப்பு, தீப்பிடித்த வீடா?

நான்: இல்லை அத்தை, மரமே அந்த நிறத்துக்கு வந்துவிட்டது. மார்ட்டின் பிரவுன் என்ற பாலாடைக்கட்டி வியாபாரி வாங்கி, 1589-ல் மேல் பகுதியை மாற்றிக் கட்டியிருக்கிறார். ஒரு இடம் விடாமல் செதுக்கல்தான், பாட்டுக்காரர்கள், ஐம்புலன்கள் என்று ஏகப்பட்ட உருவங்கள், பார்த்துக்கொண்டே நின்றதில் கழுத்து வலித்துவிட்டது

அக்கா: பாலாடைக்கட்டி விற்று இவ்வளவு காசா 😄

சின்ன மாமா: மாடி கீழ்த்தளத்தை விட வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறதே. மூலையில் தூணே காணோம்

நான்: நானும் அதைத்தான் மாமா பார்த்தேன். கீழ்த்தளம் மட்டும் கல், அது 1467-ல் வந்தது. அதற்கு மேல் மூன்று மாடியும் மரச்சட்டம், அப்புறம் கூரைக்குள்ளேயே மூன்று அடுக்குப் பரண். உத்தரத்தைச் சுவருக்கு வெளியே கொஞ்சம் நீட்டிவிட்டு, அதன் நுனியில் மேல் மாடிச் சட்டத்தை உட்கார வைத்திருக்கிறார்கள்

சின்ன மாமா: சரியான வேலை. நுனியில் பாரம் அழுத்தினால் உத்தரம் நடுவில் தொய்யாது, உள்ளே நடந்தால் தரையும் ஆடாது. தெருவில் இடம் பிடிக்காமல் மேலே அறையும் பெரிதாகிவிடும்

சித்தப்பா: கீழே மட்டும் ஏன் கல்?

சின்ன மாமா: மண் ஈரம் ஏறினால் மரம் உளுத்துப்போகும். நம் வீட்டுத் திண்ணைத் தூணுக்கு அடியில் கல் இருக்கிறதே, எதற்கு என்று நினைத்தாய்?

அக்கா: ஜன்னல் கண்ணாடி ஏன் வட்டம் வட்டமாக இருக்கிறது?

நான்: பாட்டில் அடிப்பாகம் போன்ற சின்னச் சின்னக் கண்ணாடி வட்டங்களை ஈயப் பட்டையால் கோத்திருக்கிறார்கள் அக்கா. உள்ளே வரும் வெளிச்சம் மங்கலாக, பச்சையாக இருக்கிறது. மொத்தம் 75 ஜன்னல்

அக்கா: துடைக்கிறவர் பாவம்

பெரியம்மா: சட்டத்துக்கு நடுவே செங்கல்லா?

நான்: இந்த வீட்டு முகப்பில் ஜன்னலும் செதுக்கலும்தான் தெரிகிறது பெரியம்மா. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் பொதுவாகச் சட்டத்துக்கு நடுவே குச்சிகளைப் பின்னி, களிமண்ணையும் வைக்கோலையும் குழைத்துப் பூசிவிடுவார்கள்

பெரியம்மா: அட, இது நம் பழைய மாட்டுக்கொட்டகைச் சுவர்! அதைப் போய்க் காசு கொடுத்துப் பார்க்கிறாயா

சின்ன மாமா: சுவர் கிடக்கட்டும், இணைப்பைச் சொல்

நான்: துளையும் கழுந்தும்தான் மாமா, ஒரு கட்டையின் செதுக்கிய நுனியை இன்னொன்றின் துளையில் செருகி, குறுக்கே மர முளை அடித்து இறுக்குவது. தரையில் படுக்கவைத்து எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு கட்டையிலும் உளியால் எண் போட்டு, பிரித்து எடுத்துப்போய் இடத்தில் நிறுத்துவார்களாம். அதனால் வேண்டுமென்றால் வீட்டையே கழற்றி வேறு ஊரில் நிறுத்தலாம்

அத்தை: அதெல்லாம் இருக்கட்டும், என்ன சாப்பிட்டாய்?

நான்: உப்பில் புளிக்க வைத்த முட்டைக்கோஸ் மேல் மூன்று வகை மீன். இங்கே அதுதான் பேர்போனது. மீன் நன்றாக இருந்தது, கோஸ் நமக்குச் சரிப்படாது. சுவர் முழுக்க லியோ ஷ்னுக் என்பவர் வரைந்த ஓவியம், 1900-களின் தொடக்கத்தில் வரைந்ததாம், அதைப் பார்த்தபடியே இலையை, அதாவது தட்டை, காலி செய்தேன்

சின்ன மாமா: சாப்பாட்டுப் படம் வேண்டாம். அந்த மூலைக்கு அடியில் நின்று, உத்தர நுனி தெரிகிற மாதிரி நிமிர்ந்து ஒன்று எடு

நான்: இப்போது மழை மாமா, காலையில் போய் எடுக்கிறேன்